நாலாம் படி ஏறிய கோழி

1

இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. செபமாலையைத் தொட்டுச் சொல்கிறேன்.*

கதை பிறந்த விதத்தையும் மறைக்கவில்லை. மன்னார்த் தீவில் படிப்பிக்கும் அன்ரோனெற் ரீச்சர் என்னிடம் வந்தார். வாசித்து விளங்கப் பழக்கும் டப்லெட் கணினியில் பனிமழையும் சுரங்க ரயிலும்தான் இருக்கின்றனவாம். "எங்கட ஊர்ப் பந்தி ஒண்டு எழுதித் தாங்கோ பிலிப்பு ஐயா. ஒரு கேள்வி, நாலு விடை. எது சரியெண்டும் போடுங்கோ."

எழுதினேன்: தெற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசியது. மீனவர் தென்கடலுக்குப் போகவில்லை. அன்று அவர் என்ன செய்திருப்பார்?

சரியான விடை, முதலாவது: வீட்டில் இருந்தார்.

* கோழி வரும் பகுதிக்கும் இது பொருந்தும்.

2

ஒன்பது வயது றுமைஸா கடலைப் பார்த்தபடி...

இல்லை. டப்லெட்டைத்தான் பார்த்தாள். என் பந்திக்கு மூன்றாவது விடையை அமத்தினாள்: வேறு கரைக்குப் போனார். பிழை என்றது டப்லெட். பதினேழு தடவை அமத்தினாள். பதினேழு தடவையும் பிழை. வெள்ளிக்கிழமைக்குள் டப்லெட் வாசிப்பில் நாலாம் படி ஏறாவிட்டால், வாசிப்புப் பாடத்துக்கு இரண்டாம் வகுப்பில் தம்பி அஸாமுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அஸாம் வாங்குப் பலகையில் இடம் ஒதுக்கிவிட்டான்.

"முதலாவதை அமத்தன் பிள்ளை," என்றார் ரீச்சர்.

"சோளகத்துக்கு வாப்பா வள்ளத்தை வடகடலுக்கெல்லோ கொண்டுபோறவர். வீட்டில இருக்க உம்மா விடுவாவோ?"

"டப்லெட்டுக்கு உன்ர உம்மாவைத் தெரியாது."

"அப்ப வந்து பாக்கட்டும்."

3

[இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சத்தியம் செய்துவிட்டேனே.]

வியாழன் பின்னேரம் றுமைஸாவின் உம்மா ஹுஸ்னியா வளர்க்கும் கோழி, பாயில் கிடந்த டப்லெட்டைக் கொத்தியது. முதலாவது விடை. சரி. அடுத்த பந்தி, அடுத்த கொத்து. பத்துக்குப் பத்து. ‘வாழ்த்துகள் றுமைஸா, நாலாம் படி!’ என்றது டப்லெட்.

காலையில் ரீச்சர் கைதட்டினார். றுமைஸா எழுந்தாள்.

"அது கோழிட மார்க்ஸ், ரீச்சர்."

"பேசாம எடன் பிள்ளை. கோழியை வகுப்பில சேக்கேலாது."

"எனக்கு வேணாம். நான் சொன்ன விடைதான் சரி."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் வகுப்புக்கு நடந்தாள்.

4

அந்தப் பிள்ளையின் நேர்மையை நான் கூட்டி எழுதுகிறேனோ என்று சந்தேகம். கோழியில் சந்தேகமில்லை.

பிழை என்னுடையது. நான் பெருநிலத்தில் நானாட்டான் ஊர் வயல்காரன். காற்றோ மழையோ பலமானால் வீட்டில் கிடப்பவன். முப்பது வருடமாகத் தீவில் இருக்கிறேன். சோளகம் அடிக்கிற மாதங்களிலும் மீன் தின்றேன். அது எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. இனிக் கேட்க வெட்கம்.

ஆகவே முடிவு. நான் ரீச்சரிடம் போய் விடையை மாற்றலாம். றுமைஸா ஏறுவாள், கோழி இறங்கும், ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும். அல்லது வாய் திறக்காமல் இருக்கலாம். அவள் அஸாமுக்கும் மூன்றாவது விடையைப் பழக்குவாள், அவன் மற்றவர்களுக்கு, ஐந்து வருடத்தில் முழுப் பாடசாலையும் இரண்டாம் வகுப்பில். இவை இரண்டும் பிடிக்காவிட்டால்... நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். கோழிக்கு அநியாயம் செய்யவேண்டாம்.

அவசரமில்லை. டப்லெட்டுகளே வருகிற திங்கட்கிழமைதான் முதன்முதலாகப் பாடசாலைக்கு வந்து சேர்கின்றன.