இடம் காட்டினால் நூறு மதிப்பெண்

எனக்கு முன்கோபம் உண்டு. அதைவிட மோசமான குணம் இன்னொன்று: நல்லது செய்கிறேன் என்று முடிவு பண்ணிவிட்டால் யார் பேச்சும் என் காதில் ஏறாது. பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பெயர் மாலதி. பொன்னேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அப்படி வந்து போகிறவளுக்கு ஏரி பஸ் ஜன்னலில் தெரிகிற அளவுதான் தெரியும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன வருஷம் ஒரு பயிற்சி வகுப்பில், பிள்ளைகள் எப்படியும் போனைத்தான் நோண்டுகிறார்கள், அதைப் பாடத்துக்குத் திருப்புங்கள், விளையாட்டாக்குங்கள் என்றார்கள். எனக்குப் பிடித்துப்போயிற்று. வாட்ஸ்அப்பில் வகுப்புக்கு ஒரு குழு ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்குச் சொந்தமாகப் போன் ஏது? அப்பா போன், அம்மா போன், அக்கா வீட்டுக்காரர் போன் என்று முப்பத்தோரு எண்களைச் சேர்த்தேன். திங்கள்தோறும் ஒரு கேள்வி போடுவேன். விடையை ஏரியில் போய்த் தேட வேண்டும். போட்டோ எடுத்து, லொகேஷனோடு அனுப்பினால் மதிப்பெண். வெள்ளிக்கிழமை யார் முதல், யார் இரண்டாவது என்று பட்டியல் வரும்.

வகுப்பில் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் குழுவில் பேச ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்தி வெண்ணிலா. கடைசி பெஞ்சு. அப்பா இல்லை. அம்மா காந்தா ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கு வருமுன் வெண்ணிலாவும் அம்மாவோடு போவாள். மூன்றே வாரத்தில் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது வினோத். அவன் அப்பா சிவகுமார் சொந்தப் படகு உள்ளவர், ஊர்க்கூட்டத்தில் முன்வரிசைக்காரர்.

"மிஸ், அவ டெய்லி தண்ணியிலயே கெடக்குறா. அவளுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?" என்று வினோத் முறையிட்டான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கடைசி பெஞ்சு முன்னுக்கு வருகிறது, அதுவும் என்னால்.

நான்காவது வாரக் கேள்வி: ஏரியில் உப்பு குறைவான இடம் எது, ஏன்? கஷ்டமான கேள்வி என்பதால் நூறு மதிப்பெண்.

செவ்வாய்க்கிழமை வெண்ணிலா எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினாள். "மிஸ், எனக்கு எடம் தெரியும். வாயால சொன்னா போதாதா? லொகேஷன் போட்டே ஆவணுமா?"

பஸ்ஸில் நின்றபடியே பதில் அடித்தேன். "இடம் காட்டாமல் மதிப்பெண் கிடையாது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான்."

ஏன் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. அந்த ஒரு வார்த்தை போதும், எல்லாம் தப்பியிருக்கும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் பதில் குழுவில் வந்தது. மார்பளவு தண்ணீரில் காந்தா, வாயில் பறி. கீழே இடம், நேரம். அதற்கும் கீழே, "இங்க ஆத்துத் தண்ணி வந்து சேருது. அதான் உப்பு கம்மி. வெள்ளை எறா இங்கதான் ஒதுங்கும்" என்று எழுதியிருந்தாள். பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை. நான் கைதட்டும் படம் மூன்று போட்டு, "எல்லோரும் இந்த இடத்தைப் பாருங்கள்" என்று எழுதினேன். எல்லோரும் பார்த்தார்கள்.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பங்கு வைத்திருக்கிறார்கள். பாடு என்று பெயர். பரம்பரையாக உரிமையுள்ள குடும்பங்களின் பெயர் மட்டுமே சீட்டில் இருக்கும். காந்தா மாதிரிக் கையால் பிடிக்கிறவர்களுக்குச் சீட்டும் கிடையாது, பாடும் கிடையாது. கரையோரச் சேற்றில் தடவிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாததா? சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்கிறார்கள் பாருங்கள் என்று நானே வகுப்பில் மெச்சியிருக்கிறேன். பாடு எந்தெந்தத் தண்ணீரில் என்றுதான் எனக்குத் தெரியாது.

வெண்ணிலா காட்டிய இடம் அப்படிப் பங்கு வைத்த தண்ணீரின் நடுவில் இருந்தது. அன்றைய சீட்டு சிவகுமாருடையது. படகுகள் வருமுன் அங்கே இறங்கிக் கரையேறிவிடுவது காந்தாவின் பல வருஷத்து வழக்கம். யாரோ இறங்குகிறார்கள் என்று ஊரில் முணுமுணுப்பு மட்டும் இருந்ததாம். கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தது நான். வினோத்தின் விடைகள் வருவது சிவகுமாரின் போனிலிருந்துதானே. மத்தியானத்துக்குள் அந்தப் போட்டோ ஊர் முழுக்கப் போய்விட்டது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வெண்ணிலா என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், என் பதில் தப்பா?"

"சரிதான்மா. நூத்துக்கு நூறு."

"அந்த நூறை எடுத்துடுங்க மிஸ். தப்புன்னு போட்டுடுங்க. தப்புன்னா அம்மா அங்க போவலைன்னு ஆயிடும் இல்ல? இன்னைக்கு சாயந்தரம் கூட்டத்துக்குக் கூப்ட்டிருக்காங்க."

ஆகாது என்று தெரியும். ஆனாலும் அவள் கண்ணெதிரே போட்டோவை அழித்தேன். "வெண்ணிலாவின் விடை தவறு. அந்த இடம் அதுவல்ல. மதிப்பெண் பூஜ்யம்" என்று குழுவில் அடித்தேன். பதினாறு வருஷ வேலையில் சரியான விடைக்கு நான் போட்ட முதல் பூஜ்யம் அது. அவள் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.

சாயந்தரம் ஊர்க்கூட்டத்துக்கு நானும் போனேன். காந்தா ஓரமாக நின்றிருந்தார். சிவகுமார் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்.

"கேள்வி கேட்டது நான். இடத்தைப் போடச் சொன்னதும் நான். தப்பு என்னுதுங்க," என்றேன்.

"உங்க மேல இன்னா தப்பு டீச்சர்? புள்ளைங்க நல்லாத்தான் கத்துக்குதுங்க. ஆனா சீட்டுல பேரு இல்லாதவங்கல்லாம் எறங்குனா, நாளைக்கு சீட்டை யாரு மதிப்பாங்க?"

"அவங்க பேரையும் சீட்டுல சேருங்களேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிவகுமார் சிரிக்கவில்லை. "அது உங்க பாடத்துல வராது டீச்சர்," என்றார்.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். எனக்கு முன்கோபம் என்று சொன்னேன் அல்லவா? "இந்த ஏரி என்ன உங்க தாத்தா வெட்டுனதா?" என்று கத்திவிட்டேன். கூட்டம் கொந்தளித்தது. எச்சரித்து அனுப்புவோம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் அடங்கிவிட்டார்கள். இனிமேல் காந்தா ஏரியில் எங்கேயுமே கால் வைக்கக் கூடாது, அவரிடம் எந்த வியாபாரியும் இறால் வாங்கக் கூடாது என்று முடிவானது. என் கோபமும் அவர் தலையில்தான் விடிந்தது.

வெளியே வந்ததும் காந்தா சொன்னார். "நீங்க வராம இருந்திருந்தா கால்ல கைல வுழுந்தாவது கரைப்பக்கமாச்சும் எறங்கியிருப்பேன் டீச்சரம்மா." திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறார்களாம்.

"வெண்ணிலாவை விடுதியில சேர்க்கிறேன், நான் பாத்துக்கறேன். அவளை மட்டும் விட்டுட்டுப் போங்க," என்று கெஞ்சினேன்.

"எனக்குன்னு இவ ஒருத்திதான் கீறா. சூளைப் பக்கமும் ஸ்கூல் இருக்குதாம்." அந்தச் 'சூளைப் பக்கத்து ஸ்கூல்' எப்படிப்பட்டது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வெண்ணிலா வாசலிலேயே நின்றுவிட்டாள். எந்தச் சூளை என்று கேட்டேன். மேஸ்திரி கூட்டிக்கொண்டு போகிற இடம் என்றார் காந்தா. சாயந்தரம் அவர் எண் குழுவிலிருந்து விலகியது. அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு எத்தனையோ தடவை அடித்தாயிற்று. எடுப்பதில்லை.

இரண்டு வாரம் நான் கேள்வியே போடவில்லை. ஒரு புதன்கிழமை குழுவில் வினோத்தின் குரல் வந்தது.

"மிஸ், வெண்ணிலா போட்ட பதில் தப்பில்ல. நைனா என்னை அங்க கூட்டிட்டுப் போனாரு. தண்ணியை வாயில வெச்சுப் பாத்தோம், உப்பு கம்மிதான். அவ சொன்ன மாதிரியே வெள்ளை எறா ஒதுங்குது. எங்களுக்கு இவ்ளோ நாளா அது தெரியவே இல்லன்னு நைனா சொல்றாரு. இனிமே எங்க சீட்டு வர்றப்பல்லாம் அங்கதான் வலை போடுவோம். லொகேஷன் அனுப்பிருக்கேன். எனக்கு மார்க் உண்டா மிஸ்?"

பையனிடம் ஒரு கள்ளமும் இல்லை. அவன் மேல் கோபப்பட எனக்கு நியாயமும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. கூடப் படிக்கிற பிள்ளைகள், உண்டா இல்லையா மிஸ் என்று ஒவ்வொருத்தராகக் கேட்க ஆரம்பித்தார்கள். சரியான விடையை இரண்டாவது தடவையும் தவறு என்று போட எனக்குக் கை வரவில்லை.

"சரியான விடை. வினோத், நூறு" என்று அடித்தேன். முப்பது போனிலும் போய்ச் சேர்ந்தது. அதைக் கண்டுபிடித்தவள் எந்தச் சூளையில் மண் மிதிக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.