மாஸ்டரின் நெஞ்சு

"சட்டையைக் கழட்டுங்க" என்றார் டாக்டர். ஜிம்மில் ஊரே பார்க்க வெறும் மார்போடு நின்று பழகிய மாஸ்டருக்கு, அந்தச் சின்ன அறையில் பொத்தானைக் கழற்றக் கை வரவில்லை. இடது மார்பு கல்லாக இறுகி, வலதைவிட இரண்டு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

"வெளியிலேருந்து எதை உள்ள வச்சாலும் உடம்பு அதைச் சுத்தி ஒரு சவ்வு கட்டும். சிலருக்கு அது தடிச்சு, சுருங்கி, உள்ள இருக்கிறதை நெரிக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். எடுத்துடலாம். வெளிய உட்காருங்க, தேதி சொல்லக் கூப்பிடுவாங்க."

எடுத்துவிட்டால் நெஞ்சு? அதை அவர் கேட்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு வெளியூரில் வேலை என்று பொய் சொல்லிப் போய், மார்பு பெரிதாகத் தெரிய உள்ளே வைத்துக்கொண்டு வந்த சிலிக்கான் அது. திரும்பி வந்து, எல்லாம் எடை தூக்கியதில் வந்தது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், எல்லோரும் நம்பினார்கள். அக்குளில் இருந்த தழும்பைக் கட்டி எடுத்தது என்று மனைவியிடம்கூடச் சாதித்திருந்தார், பாவி மனுஷன்.

வெளியே பெஞ்சில் அவரிடம் பயிற்சி எடுக்கும் தபால்காரர் வலது கையைக் கழுத்திலிருந்து துணிக் கட்டில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி.

"பார்த்தியா, மாஸ்டரே என்னைப் பார்க்க வந்துட்டாரு" என்றார் தபால்காரர் அவளிடம்.

"ஆமா, கேள்விப்பட்டேன்." வாய் கூசாமல் வந்தது மாஸ்டருக்கு.

"நெஞ்சுத் தசை கிழிஞ்சுபோச்சுங்க" என்றாள் மனைவி. "உங்களை மாதிரி நெஞ்சு வரணும்னு நாலு வருஷமா தூக்குறாரு. வரலைன்னதும் ஒரேயடியா எடையைக் கூட்டிட்டாரு. கை பழையபடி வருமான்னு தெரியலையாம்."

"நான்தான் நீங்க சொன்ன மாதிரி ஒழுங்காச் செய்யல, மாஸ்டர். மன்னிச்சுக்குங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். இந்த மனிதர் மன்னிப்பல்லவா கேட்கிறார்! வெட்கத்தில் மாஸ்டருக்குக் காது சுட்டது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். "சாப்பிட்டீங்களா?" என்றுதான் வந்தது.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "நெஞ்சுல வச்ச சிலிக்கான் எடுக்கணும்னு வந்தவங்க யாரு?"

யாரும் எழவில்லை. இன்னொரு முறை கேட்டாள். "ஆளு போயாச்சா? சீட்டைத் திருப்பி அனுப்பிடவா?"

"யாரோ பொம்பளையா இருக்கும்" என்றார் தபால்காரர் மெல்ல. "பாவம், எழுந்திரிக்க வெட்கம்."

மாஸ்டர் எழுந்தார்.

"உட்காருங்க மாஸ்டர், அது வேற யாரையோ கூப்பிடுறாங்க" என்று தபால்காரர் நன்றாயிருந்த கையால் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.