முழங்கை வழியே மழை

ஆலையில் கரண்ட் போனதால் அவர் மதியமே வீடு திரும்பிவிட்டார். குளியலறையில் ஒரே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், மனைவி ஒரு சின்னப் பிள்ளையின் மழைக்கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவருடைய தங்கை அதன்மேல் தண்ணீரை மொண்டு ஊற்றுகிறாள். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் சிரிப்பு பட்டென்று நின்றது. மனைவி கோட்டை வாளிக்குப் பின்னால் செருகினாள்.

குழாய் இணைப்புகளில் கசிவு பார்ப்பது அவர் வேலை. எங்கே ஒழுகும் என்று கண் தானாகத் தேடிப் போகும். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியுமா? கோட்டின் தோளில் புனல் மாதிரி ஒரு மடிப்பு, அதிலிருந்து கைக்கு வெளிப்புறமாக இறங்கும் ஒரு குழல், முழங்கையில் ஒரு திறப்பு. தோள் தையலில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

அவள் உடை மாற்றப் போனதும் தங்கைதான் விஷயத்தைச் சொன்னாள். அண்ணி வேலை பார்க்கும் தையல் கூடத்தில் மழைக்கோட்டுகள் விற்காமல் குவிந்து கிடந்தன. போட மாட்டேன் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றார்களாம். எப்படிப் போட வைப்பது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அண்ணி மட்டும் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினாள்: கழற்ற மாட்டேன் என்று ஒரு பிள்ளை எப்போது அடம் பிடிக்கும்? அப்புறம் அண்ணியும் நாத்தனாருமாக ஒரு விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு சமையலறை இழுப்பறைக்குள் கைவிட வேண்டியது. எது அகப்படுகிறதோ அதைக் கோட்டோடு சேர்த்தே ஆக வேண்டும். முதலில் காய் துருவி வந்தது. சிரித்தே ஓய்ந்தார்கள். அடுத்து வந்தது எண்ணெய்ப் புனல். தோளில் மழையைப் பிடித்து முழங்கை வழியே கொட்டும் கோட்டு பிறந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மனைவி சொன்னாள். "நீங்க தப்பா ஒண்ணும் சொல்லமாட்டீங்க. சரியாத்தான் சொல்வீங்க. அதான் பயம். போன வருஷம் நான் தைச்ச பையைப் பத்திச் சொன்னீங்களே, அத்தனையும் சரி. அப்புறம் அதைத் தொடவே எனக்குக் கை வரல."

அவருக்கு அந்தப் பை ஞாபகமே இல்லை. அதுதான் சுருக்கென்றது.

"நாளைக்கு முதலாளியம்மாகிட்ட காட்டணும். அதுவரைக்கும் எதுவும் சொல்லாதீங்க."

சாப்பிடும்போது அந்தத் தோள் தையல் நாக்கு நுனியிலேயே நின்றது. தண்ணீரைக் குடித்து விழுங்கினார். மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த கோட்டின் பக்கமே போகவில்லை.

மறுநாள் மாலை மனைவி படியேறி வரும் வேகத்திலேயே தெரிந்தது.

"முதல்ல ஒரு மாதிரிதான் பாத்தாங்க. அப்புறம் பேத்தியைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டாங்க. அவ கழட்டவே விடல. உள்ள நனையாம பண்ணிட்டு வா, யோசிக்கலாம்னு சொல்லிட்டாங்க." கோட்டை அவர் மடியில் போட்டாள். "இப்ப சொல்லுங்க. இனி இது தாங்கும்."

வெளியே தூறத் தொடங்கியிருந்தது. அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். கோட்டின் தோளுக்குள் முஷ்டியை நுழைத்து, மழையில் நீட்டினார்.

"என்னண்ணா, ஒண்ணும் சொல்லாம நிக்கிற?" என்றாள் தங்கை.

"கொஞ்சம் இரு. மழை வலுக்கட்டும்."

முழங்கைத் திறப்பின் விளிம்பில் ஒரு துளி மெல்லத் திரண்டது. விழாமல் தொங்கிக்கொண்டிருந்த அதையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.