அனுமதி பெற்ற வாக்கியம்

ஏழாவது சனிக்கிழமை என் மகள் அறைக்குள் வந்ததும் நான் எழுந்து நின்று, "தங்கள் வருகை எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி அளிக்கிறது" என்று சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளையிடம். அவளும் முதுகுப் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, "நன்றி" என்று சொல்லி எதிரே உட்கார்ந்தாள். மூலையில் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எதையோ எழுதினார். அவருக்கு நான் மனதுக்குள் நோட்டம்மா என்று பெயர் வைத்திருந்தேன். பிழைக்கப் போன வெளிநாட்டில், அந்த ஊர் மொழியில் பேசியதையெல்லாம் இங்கே எழுத்துத் தமிழில் போடுகிறேன். என் வாயில் அந்த மொழி ஏறக்குறைய அப்படித்தான் ஒலித்திருக்கும்.

என் பிள்ளையோடு நான் ஏன் அந்நிய மொழியில் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நானும் என் மனைவியும் பிரிந்த புதிதில், பிள்ளை அவளிடமே இருக்கட்டும் என்று கோர்ட்டில் பேச்சு அடிபட்டபோது, எனக்குப் புத்தி கெட்டுப்போனது. ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். "ஊருக்குப் போறோம் கண்ணு" என்று சொன்னதும் அவள் கைதட்டினாள். எந்த ஊருக்கு, எப்படி என்று எனக்கே தெரியாது. மூன்று மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். அங்கேயே வந்து பிடித்தார்கள். என் மனைவி காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. செய்தது தப்பு. வக்கீலிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஒரு வருஷம் கழித்து உத்தரவு வந்தது. சனிக்கிழமை தோறும் பத்திலிருந்து பதினொன்று வரை, குழந்தைகள் நல அலுவலகத்து மாடி அறையில், அதிகாரி முன்னிலையில், அதிகாரிக்குப் புரியும் மொழியில் மட்டும் மகளோடு பேசலாம். தமிழில் பேசினால் அன்றைய சந்திப்பு அதோடு முடிந்தது. மறுபடி ஓடலாமா என்று நான் பிள்ளையின் காதில் ஓதிவிடக்கூடாதாம். ஆறு மாதம் ஆன பிறகு, தொடர்ந்து வர விருப்பமா என்று பிள்ளையையே கேட்பார்கள். அவள் சரி என்றால் உண்டு, வேண்டாம் என்றால் இல்லை. கோர்ட்டை விட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. நான் அந்த மொழியில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

ஒன்பது வருஷமாக ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், லாண்டரியில் வேலை. அங்கே பெட்ஷீட்டும் துண்டும்தான் என் கூட்டாளிகள். மெஷின் பச்சை விளக்கு எரிந்தால் திற, சிவப்பு எரிந்தால் கத்து. வீட்டுக்கு வந்தால் தமிழ். என் மனைவி முதல் வருஷமே வகுப்பில் சேர்ந்தாள். "நீங்களும் வாங்களேன், ஒரு மணி நேரந்தானே" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாள். "துணி துவைக்க இலக்கணம் எதுக்குடி" என்று சிரித்து மழுப்பினேன். அவள் படித்து, மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்த ஊர் ஆளாகவே ஆகிவிட்டாள். பிரிந்த பிறகு அவர்கள் வீட்டிலும் அந்த மொழியே புழங்கியது. பிள்ளைகளுக்கு மொழி வருவதும் வேகம், போவதும் வேகம். சந்திப்புகள் தொடங்கியபோது என் மகள் வாயில் தமிழ் இல்லை.

முதல் சனிக்கிழமைக்கு ஒரு துண்டுச் சீட்டில் இருபது வார்த்தைகளை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். "பள்ளிக்கூடம்?" என்றேன். "நன்றாக இருக்கிறது" என்றாள். "பூனை?" என்றேன். "எங்களிடம் பூனை இல்லையே" என்றாள். "பந்து?" என்றேன். அவள் நோட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். போலீஸ்காரன் கேட்பது மாதிரி இருந்திருக்கும். பத்து நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துபோய், மீதி நேரம் அவள் படத்துக்கு வண்ணம் தீட்டினாள், நான் பென்சில் சீவிக் கொடுத்தேன். கிளம்பும்போது கை தவறியது போல வாய் தவறி "வா கண்ணு" என்றுவிட்டேன். நோட்டம்மா எழுந்து வந்து நோட்டில் அதைக் குறித்து, என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

ஓட்டலுக்குத் துணி ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிற தமிழ் ஆள் ஒருவன் உண்டு. வாய் மூடாத பேர்வழி என்பதால் எல்லோருக்கும் அவன் ரேடியோ. நான் சீட்டை வைத்துக்கொண்டு முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு அதைப் பிடுங்கிப் படித்தான்.

"என்னண்ணே இது, மளிகைச் சாமான் லிஸ்ட்டா?"

"எம் பொண்ணுகிட்டப் பேசறதுக்கு."

அவன் சிரிப்பை விழுங்கிவிட்டான். சீட்டை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தான். "வீடு வேணும்னா செங்கல் செங்கலாவா வாங்குவீங்க? கட்டி முடிச்ச வீட்டுக்குக் குடிபோங்கண்ணே. முழுசு முழுசா மனப்பாடம் பண்ணுங்க. உள்ள எது எதுன்னு கேக்காதீங்க. நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்."

அவன் சொன்னது சரிதான். முழு வாக்கியமாகப் படித்தபோது அது பாட்டு மாதிரி வாயில் உட்கார்ந்தது. அவன் என் போனில் பேசிப் பதிவு செய்து கொடுப்பான். நான் டிரையர் இரைச்சலுக்கு நடுவே அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி பெட்ஷீட் மடிப்பேன். ஒரே ஒரு சங்கடம். ரேடியோ பத்து வருஷமாக ஓட்டல் ஓட்டலாகத் துணி போட்டவன். அவனிடம் இருந்த சரக்கு பூராவும் ஓட்டல் சரக்கு. தங்கள் பயணம் இனிதாக இருந்ததா? தங்களுக்கு வேறு ஏதேனும் தேவைப்படுகிறதா? ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். எனக்கு அதுவே தேவாமிர்தம். உரிமையுள்ள அப்பனாகப் பேசக் கிடைக்காவிட்டால் ஓட்டல்காரனாகவாவது பேசிவிட்டுப் போகிறேன் என்று இருந்தேன்.

அந்த ஏழாவது சனிக்கிழமைக்குப் பிறகு மகளே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். சின்ன மேஜையை இழுத்துப் போட்டு என்னை அதற்குப் பின்னால் நிற்க வைத்தாள். வெளியே போய்க் கதவைத் தட்டி, பொம்மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "ஜன்னல் உள்ள அறை இருக்கிறதா?" என்றாள். எனக்கு அதற்குப் பதில் தெரியும்! "நிச்சயமாக. தாங்கள் எத்தனை நாட்கள் தங்குவீர்கள்?" என்றேன். அவள் விரல்களை எண்ணி, "நூறு நாள்" என்றாள். மூன்று சனிக்கிழமை இப்படியே போனது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு தடவை நோட்டம்மாவின் உதடுகூடச் சிரிப்பில் கோணியது. ஓட்டல் அடித்தளத்துக்குத் திரும்பி வந்து ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிள்ளை என் பக்கம் வந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவள் விளையாட வரவில்லை. பொம்மைக் கூடையிலிருந்து ஒரு குழந்தைப் பொம்மையை எடுத்து மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று என்னைப் பார்த்து, "நான் இவ்வளவு சின்னதாக இருந்தபோது எப்படி இருந்தேன்?" என்று கேட்டாள். கேள்வி எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. தமிழில் கேட்டிருந்தால் இரண்டு நாள் விடாமல் பேசியிருப்பேன். பிறந்ததும் அழாமல் முறைத்தாள் என்று, கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள் என்று, சலவைப் பவுடர் வாசனை அடித்தால் என்னைத் தேடிக் கழுத்தைத் திருப்புவாள் என்று. ஒன்றுக்கும் என்னிடம் வாக்கியம் இல்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். நோட்டம்மாவும் பேனாவை நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "மன்னிக்கவும், அது பற்றி என்னிடம் தகவல் இல்லை."

அவள் சரி என்று தலையாட்டினாள். அழவில்லை, முகம்கூடச் சுருங்கவில்லை. கடையில் ஒரு பொருள் இல்லை என்றால் நாம் தலையாட்டிவிட்டு நகர்வோமே, அப்படிப் பொம்மையைக் கூடையில் போட்டுவிட்டு வண்ணப் பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க ரேடியோவை நான் நிம்மதியாக விடவில்லை. கால் கட்டைவிரலுக்கு என்ன சொல்வது, முறைத்தாள் என்று எப்படிச் சொல்வது. அவனுக்கும் தெரியவில்லை. யார் யாரிடமோ கேட்டு, பதினோரு வாக்கியங்கள் பதிவு செய்து கொடுத்தான். வாக்கியம் பிசகாமல் மனப்பாடம் செய்தேன். அடுத்த சனிக்கிழமை அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொல்லத் தொடங்கினேன். நாலாவது வாக்கியத்தில் அவள் கண் கடிகாரத்துக்குப் போனது. ஐந்தாவதில் காலை ஆட்டத் தொடங்கினாள். நான் ஒரே மூச்சில் பதினொன்றையும் சொல்லி முடித்தேன். நிறுத்தினால் அடுத்தது மறந்துவிடும் என்ற பயம். "தெரிவித்ததற்கு நன்றி" என்றாள் என் மகள். அது நான் கற்றுக்கொடுத்த வாக்கியம்.

ஆறு மாதம் முடிந்ததும் அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். அறிக்கையை ரேடியோதான் எனக்குப் படித்துச் சொன்னான், வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து. பாதியில் நிறுத்தினான்.

"படிடா" என்றேன்.

"அப்பா நல்லவர்னு சொல்லியிருக்கா. பயமெல்லாம் இல்லையாம்." தாளைத் திருப்பினான், மறுபடி திருப்பினான். "சொன்னதையே சொல்றாராம். போரடிக்குதாம். சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்குப் போகணுமாம்."

நீச்சல் வகுப்பின் மேல் நான் எப்படிக் கோபப்படுவது? எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அதைத்தான் கேட்கும். எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வந்தது. அன்று முழுக்க மடித்த துணியையே மடித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வந்து தோளைத் தொட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

கடைசிச் சனிக்கிழமை நோட்டம்மா முதலில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். மெதுவாக, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிள்ளையே தன் முடிவை அப்பாவிடம் சொல்ல வேண்டும், அதுவும் அவருடைய மொழியில் சொல்ல வேண்டும் என்று தாய் கேட்டுக்கொண்டிருக்கிறார். மொழிபெயர்ப்பு சரிபார்க்கப்பட்டது. இன்று அது மட்டும் தமிழில் பேச அனுமதி உண்டு. தாளின் அடியில் முத்திரை இருந்தது. மேலே இருந்த தமிழ் வரிகளை நான் படிப்பதற்குள் அதை மடித்துக்கொண்டார். என் மனைவி அப்படித்தான். எனக்கு ஒரு துண்டுக் கடிதாசி அனுப்பி முடித்துவிட அவளுக்கு மனசு வந்திருக்காது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனை நாள் உட்கார்ந்தாளோ.

மகள் உள்ளே வந்தாள். நீச்சல் பை தோளில் தொங்கியது. மேடையில் ஒப்பிக்கப்போகிற பிள்ளை மாதிரி கால்களைச் சேர்த்து வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா இனிமே நான் சனிக்கிழம வரமாட்டேன் எனக்கு எப்ப தோணுதோ அப்ப வர்றேன்" என்றாள்.

இடையில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியாது. முழுசாக விழுங்கி முழுசாகத் துப்பினாள். ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து என் பிள்ளையின் வாயில் தமிழ் கேட்டேன். அதில் அந்த ஊர் உச்சரிப்பு ஏறியிருந்தது, ஆனாலும் தமிழ். என்ன சொல்கிறாள் என்பதற்கு முன்னால் அந்தச் சத்தம்தான் என்னை அடித்தது.

"அதுவரைக்கும் நீங்க" என்றாள். அங்கே அறுந்துவிட்டது.

முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி "அதுவரைக்கும் நீங்க" வரை வந்து நின்றாள். காது சிவந்தது. நோட்டம்மாவைப் பார்த்தாள், அவர் கையில் தாள் இருந்தது, ஆனால் அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. பிறகு என்னைப் பார்த்தாள். வாக்கியம் பாதியில் விட்டுப்போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வாக்கியம் எப்படி முடியும் என்றும் தெரியும். எட்டு வருஷம் அவள் அம்மாவோடு குடித்தனம் நடத்தியவன். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் முடிக்காமலே போயிருப்பாள்.

"உடம்ப" என்றேன்.

நோட்டம்மா நிமிர்ந்தார். பேனா தாளைத் தொட்டது. எழுதவில்லை.

"உடம்பப் பாத்துக்குங்க!" என்றாள் மகள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கைகளை அவிழ்த்துக்கொண்டு, அவள் மொழியில், "நான் சரியாகச் சொன்னேனா?" என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. "எல்லாம் மிகச் சரியாக இருக்கிறது. மிக்க நன்றி" என்றேன்.

அவள் கையை ஆட்டிவிட்டு ஓடினாள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நோட்டம்மா கதவை மூட எழுந்தவர் மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே மாடிப்படியில் மகள் இறங்கிக்கொண்டிருந்தாள். இனி மறக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு படிக்கு ஒரு சொல்லாகக் குதித்துக் குதித்துச் சொல்லிக்கொண்டே போனாள். "அதுவரைக்கும். நீங்க. உடம்ப. பாத்துக்குங்க." படி தீரவில்லை. அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். "அப்பா."