பிரிந்திருந்ததற்கு ஆதாரம்

“பிரியுறதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு வக்கீல் விஜிலாகிட்ட கேட்டியா?”

“கேட்டேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் சர்ட்டிபிகேட், கல்யாண போட்டோ ஒண்ணு, ஆதார். அப்புறம் ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கோம்ங்கிறதுக்கு ஆதாரம்.”

“எத்தனை காப்பி?”

“நாம பிரியப்போறோம் அத்தான். உங்களுக்கு எத்தனை காப்பிங்கிறதுதான் கவலையா?”

“மூணு செட்டாப் போட்டுருதேன். ஒரு செட்டு கைவசம் இருக்கணும்லா.”

போன மாதம் தன் வீட்டு வாசலில் நடந்த இந்தப் பேச்சை நினைத்தால் ஈவாஞ்சலினுக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கிருபாகரனைச் சொல்லியும் குற்றமில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பதினோரு வருடமாகக் காகிதம் பார்க்கிற மனுஷன். ஒரு முத்திரை சாய்ந்து விழுந்திருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் டீ குடிப்பான்.

கல்யாணமாகி முதல் நாலு வருடம் அவனுடைய அக்கா கிருபை வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். அக்கா கெட்டவள் இல்லை. ஆனால் மாடியில் எந்தச் சட்டி கொதித்தாலும் மூடியைத் திறந்து பார்ப்பது தன் பிறப்புரிமை என்று நம்பினாள். ஈவாஞ்சலின் வைத்த சாளை மீன் குழம்பில் அக்கா தன் பங்குக்கு ஒரு கை புளியைக் கரைத்து ஊற்றிய அன்று, குழம்போடு இவள் பொறுமையும் கெட்டது. தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையூரணியில் ஒரு வீடு பார்த்துத் தனியாகப் போய்விட்டாள்.

போகும்போது ‘நீங்களும் வாங்க’ என்று அவள் சொல்லவில்லை. கூப்பிட்டால் தம்பியை அக்காவிடமிருந்து பிரித்தவள் என்று பெயர் வரும். அதுகூடப் பரவாயில்லை. கூப்பிட்டு அவன் வராமல் போனால்? அந்தப் பயத்தில்தான் தொண்டைவரை வந்ததை இரண்டு வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். அவனும் ‘நானும் வரட்டா’ என்று கேட்கவில்லை. கடைசியில் ஒரு கோபத்தில் “இதுக்குப் பேசாம கோர்ட்டுலயே முடிச்சுக்கிடலாம்” என்று அவள் சொல்ல, அவன் உடனே ஒரு நீலக் கோப்பு வாங்கிவிட்டான்.

அதைத் தள்ளிப்போட அவளும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். கோயில் சர்ட்டிபிகேட்டை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, “எங்கன போச்சுன்னே தெரியல” என்றாள். அவன் மறுநாளே கல்யாணம் நடந்த நாசரேத் சர்ச்சுக்குப் பஸ் ஏறி, பதிவேட்டைப் பார்த்துப் புது நகல் வாங்கி வந்தான். பத்திரிகையைக் காணவில்லை என்றாள். அவனிடம் ஏழு இருந்தன.

இப்போது வக்கீல் விஜிலாவின் அறையில் அந்த நீலக் கோப்பு மேஜைமேல் கிடந்தது. விஜிலா ஈவாஞ்சலினோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவள்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. பிள்ளை, சொத்து, ஜீவனாம்சம் ஒரு தகராறும் இல்ல. அதனால ரெண்டு பேரும் சேர்ந்தே ஒரு மனு போடலாம். போட்டு ஆறு மாசம் கழிச்சு மறுபடி வந்து, ‘எங்க மனசு மாறல’ன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லணும். ஆனா நம்ம கிறிஸ்தவங்க சட்டத்துல, மனு போடுறதுக்கு முன்னாலயே ரெண்டு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும். அதுக்குத் தனியா சத்தியம் பண்ணிக் கையெழுத்தும் போடணும்.”

“அதுக்குத்தான் கடைசியா ஒண்ணு வச்சிருக்கேன்” என்றான் கிருபாகரன், கொஞ்சம் பெருமையாக.

விஜிலா கடைசித் தாள்களை எடுத்தாள். ஒரு கப்பல் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, ஏன் தாமதமானது, எப்போது புறப்பட்டது என்று மணிவாரியாக எழுதுகிற அறிக்கை ஒன்று துறைமுகத்தில் உண்டு. அதே கட்டங்களைப் போட்டு, இரண்டு வருடத்தில் தான் மனைவி வீட்டுக்குப் போய்வந்ததையெல்லாம் எழுதியிருந்தான்.

“என்ன அண்ணாச்சி இது?”

“ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் போயிருக்கேன் பாருங்க. புறப்பாடு நேரம் இருக்குல்லா? பிரிஞ்சு இருந்தோம்ங்கிறதுக்கு இதைவிட ஆதாரம் என்ன வேணும்?”

விஜிலா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தாள். “மார்ச் பன்னிரண்டு. வருகை மாலை அஞ்சு நாப்பது. காரணம், மோட்டார் ரிப்பேர். புறப்பாடு ஒன்பது பத்து. தாமதத்துக்குக் காரணம், ஊளி மீன் குழம்பு.” பக்கத்தைத் திருப்பினாள். “மார்ச் பதினாலு. காரணம், மோட்டார் ஓடுதான்னு பார்க்க. மார்ச் பதினஞ்சு. காரணம், குடையை மறந்து வச்சிட்டு வந்தது. ஏளா ஈவா, மார்ச்சுல எதுக்குளா குடை?”

ஈவாஞ்சலின் தரையைப் பார்த்தாள். தாமதக் கட்டத்தில் அவன் சாப்பிட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“டிசம்பர் பதினெட்டு, காலை ஏழு இருபது. இடுப்பளவுத் தண்ணியில நடந்து வருகை. புறப்பாடு டிசம்பர் இருபத்திரண்டு. காரணம், வெள்ளம்.” விஜிலா நிமிர்ந்தாள். “நாலு நாளா? எங்கன படுத்தீங்க?”

ஈவாஞ்சலின் மின்விசிறியைப் பார்த்தாள்.

“குறிப்புல அதை எழுதல” என்றான் கிருபாகரன். அவன் காது சிவந்திருந்தது.

“சரி, வெள்ளத்தை விடுங்க. போன மாசம் ஒன்பதாம் தேதி, வருகை இரவு ஏழு. புறப்பாடு மறுநாள் காலை ஆறு. காரணம், டயர் பஞ்சர். அந்த ரோட்டுல மூணு பஞ்சர் கடை இருக்கு அண்ணாச்சி!”

“மூணும் பூட்டியிருந்துச்சு.”

“நீங்க பார்த்தீங்களா?”

“இவதான் சொன்னா.”

விஜிலா தோழியின் பக்கம் திரும்பிய வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. ஈவாஞ்சலின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தாகமே இல்லாமல் அரை பாட்டிலைக் குடித்தாள்.

“இதை வச்சிக்கிட்டு என்னால மனு போட முடியாது” என்றாள் விஜிலா. “பிரிஞ்சு இருந்தோம்னு நீங்க சத்தியம் பண்ணுனா அது பொய் சத்தியம். உண்மையிலயே பிரியணும்னா இன்னையிலயிருந்து புதுசா எண்ணணும். ரெண்டு வருஷம். மோட்டார், குடை, மீன் குழம்பு ஒண்ணும் கிடையாது. அண்ணாச்சி அந்தப் பக்கமே போகக்கூடாது.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கிருபாகரன் சிரிக்கவில்லை. சட்டம் என்றால் அவனுக்குச் சட்டம்தான். பேனாவை எடுத்து, ஒரு புதுத் தாளில் அன்றைய தேதியை எழுதி, அடியில் கோடு போட்டான். ‘வருகை’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டான்.

“மோட்டார் சுவிட்சை ரெண்டு தடவை தட்டணும்” என்றான், அவள் முகத்தைப் பாராமல். “ஒரு தடவை தட்டுனா ஓடாது. வேற யாரையும் கூப்பிட்டா அவங்களுக்குத் தெரியாது. நீ சொல்லிக்கொடுத்திரு.”

கோப்பை மூடி, நாடாவைக் கட்டப்போனான். முடிச்சு விழவில்லை. துறைமுகத்தில் ஒரு நாளைக்கு நாற்பது கோப்பு கட்டுகிற கை அது. இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவையும் நழுவியது.

ஈவாஞ்சலின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுநூற்று முப்பது சாயங்காலம். கேட் திறக்கிற சத்தம் ஒன்றுகூடக் கேட்காது. அவன் வராமல் போவான் என்று பயந்து கூப்பிடாமல் இருந்தாளே, கூப்பிடாமலே வந்துகொண்டிருந்தவன் இனி வரப்போவதில்லை. இதில் மிச்சம் பிடித்துவைக்க இன்னும் என்ன மானம் இருக்கிறது?

அவன் எழுந்தான். அவள் எட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“அக்கா என்ன சொல்லணுமோ சொல்லட்டும் அத்தான். உங்க துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்கே வந்திருங்க. எங்கூடவே இருங்க.”