கவனக்குறைவால் மரணம்

நான் ஓட்டிய காரில்தான் என் மனைவி இறந்தாள். ஒரு நொடி கண்ணயர்ந்தேன். மூன்று நாளாகியும் அந்தத் தூக்கம் கலையவில்லை. காவல் நிலைய மின்விசிறி தண்ணீருக்கடியில் சுற்றுவதுபோல் மெதுவாகச் சுற்றியது.

எழுத்தர் தாளை நீட்டினார். "கவனக்குறைவால மரணம். ஜாமீன் உண்டு. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க தம்பி."

"கொலைன்னு எழுதுங்க சார்."

"அதுக்குக் கொல்லணும்னு எண்ணம் இருக்கணுமே. இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம்? கேட்டதைக் குடுக்க இது என்ன ஓட்டலா?"

ஜாமீனுக்கு வந்திருந்த மாமியார் பேனாவை வாங்கியபடி எழுத்தரிடம் கேட்டார்: "ரெண்டு ராத்திரி ஆஸ்பத்திரில எனக்குத் துணையா முழிச்சிருந்தாரு. அதனாலதான் வண்டில அசந்துட்டாரு. அப்ப என்னை எந்தப் பிரிவுல போடுவீங்க?"

எழுத்தர் தலையைச் சொறிந்தார். "அதுக்குப் பிரிவு கிடையாதும்மா."

"வாங்க மாப்பிள்ளை, போவோம்" என்று கையெழுத்திட்டார். அவர் பெயருக்குக் கீழே நானும் போட்டேன்.