தையல்காரர் கார் ஷாம்பு வாங்கிய கதை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காரைக் கழுவ ஷாம்பு வாங்கப் போய் முழி பிதுங்கி நின்ற ஒரு தையல்காரரின் கதையைச் சொல்கிறேன்.

அவருக்கும் அவர் மச்சினனுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை. போன வாரம் வெளியூர் கிளம்பிய மச்சினன், என்ன நினைத்தானோ, தன் புதுக் கறுப்புக் காரின் சாவியை இவர் கையில் வைத்து, "பாத்துக்கங்க மாமா" என்றான். தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவித் துடைத்தார். காய்ந்ததும் பார்த்தால் கதவில் முழ நீளத்துக்கு ஒரு கீறல்! இன்று சாயங்காலம் மச்சினன் வருகிறான். கீறலைக் கண்டால் ஒட்டின உறவு மறுபடியும் அறுந்துபோகுமே.

பழியைச் சோப்பின்மேல் போட்டுவிட்டு, கார் சாமான் கடையில் போய் நின்றார். ஒரு பாட்டிலில் மெழுகு சேர்த்தது என்றிருந்தது. இன்னொன்றில் நுரை அதிகம். மூன்றாவதில், பெயிண்டை அரிக்கும் காரம் இல்லாதது என்று. மூன்றையும் முகர்ந்து பார்த்தார். மூன்றிலும் ஒரே வாசனை.

"இதுல கீறல் போடாதது எதும்மா?"

"எதுவுமே கீறாதுண்ணே," என்றார் கடைக்காரம்மா.

"அப்போ எதுக்கு மூணு?"

"காரமில்லாதத எடுங்க. பெயிண்ட் மேல இருக்குற மெழுகு போகாது, துணியும் வழுக்கிட்டு ஓடும். ஆனா முதல்ல வெறும் தண்ணி அடிச்சு மண்ண இறக்கிடணும்."

"மண்ணா? நான் ஷாம்புல்ல கேட்டேன்?"

அதற்குள் போனில் மனைவி. "ஷாம்பு வாங்கப் போனீங்களா, காய்ச்சப் போனீங்களா?"

"எந்தத் துணியில தொடச்சீங்க?" என்று கடைக்காரம்மா கேட்டதும்தான் அவருக்கு உயிர் வந்தது.

"துணி விஷயத்துல எங்கிட்டயேவா!" என்று, காரைத் துடைத்த வெல்வெட் துண்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். தடவிப் பார்த்த கடைக்காரம்மா, "ஆ!" என்று கையை உதறினார். மடிப்புக்குள் ஒரு குண்டூசி.

"கோடு போட்டது சோப்பு இல்லண்ணே. உங்க தொழிலு."

பாதி புரிந்தும் பாதி புரியாமலும், காரமில்லாத பாட்டிலோடு வீடு திரும்பினார். வாசலில் மச்சினன் ஏற்கெனவே வந்து நின்றான். தையல்காரர் யோசித்து வைத்திருந்த சமாளிப்பையெல்லாம் விட்டுவிட்டுக் கதவைக் காட்டினார்.

"மாப்ளே, கதவுல கீறல். என் தப்புதான்."

மச்சினன் கீறலை விரலால் தடவினான். "நீங்க சொல்லலன்னா, ரோட்டுல எவனோ கீறிட்டான்னு நெனச்சிருப்பேன்."

"அப்போ சொல்லியிருக்க வேணாமோ?"

மச்சினன் சிரித்துவிட்டான். "'என் தப்புதான்'ங்கிற இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மாமா ரெண்டு வருஷமா காத்திருந்தேன்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சண்டை எதற்கு வந்தது? எந்தத் தப்பு? தையல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பலமாகத் தலையாட்டினார். காரைக் கழுவ இருவரும் சேர்ந்து வாளியைத் தூக்கினார்கள்.

உங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு போனவர்களும் தாங்களாகவே வாசலுக்கு வந்து சேரட்டும், கண்ணுகளா. சிரிப்புச் சத்தம் ஓயாத வீடாக அது இருக்கட்டும்.